ஒரு மண்டலம் சமைக்காமல் சாப்பிட்டேன், இனி வீட்டில் எல்லோருக்கும் கொடுக்கலாமா?

முல்லைப்பந்தல் (யாங்கோன்)

எல்லோருக்கும் வணக்கம். இத்தனை நாள் இங்கே படிப்பதோடு சரி, எழுதியதில்லை. சித்திரைக் கடைசியில் ஆரம்பித்த சமைக்காத சாப்பாடு நேற்றோடு 48 நாள் முடிந்தது. நல்லதும் கெட்டதும் கலந்து நடந்திருக்கிறது, யாரிடமாவது சொல்லிக் கேட்டாக வேண்டும் என்று தோன்றியது.

பெரிய கொள்கை எதுவும் இல்லை, கரண்டில்தான் ஆரம்பித்தது. எங்களுக்கு ஐந்தாவது மாடி. கரண்டு நாலு மணி நேரம் இருந்தால் எட்டு மணி நேரம் போய்விடும், சில நாள் வருவதே நடுராத்திரி. மின்சார அடுப்பை நம்பி அரிசியைக் களைந்து வைத்து, வரும் வரும் என்று காத்திருந்து, கடைசியில் ஊறிப் புளித்த அரிசியைக் கொட்டிய நாள் உண்டு. கரி அடுப்பு மூட்டினால் மாடி முழுக்கப் புகை, மாமியாருக்கு இருமல். அதோடு எனக்குப் பல வருஷமாக நெஞ்செரிச்சல். ஊரில் இருக்கும் பெரியம்மா மகள் தேங்காய், பழம், பச்சைக் காய்கறி என்று இயற்கை உணவில் இருக்கிறாள், போனில் பேசும்போது ஒரு மண்டலம் இருந்து பாரேன் என்றாள். சரி என்று இறங்கிவிட்டேன்.

காலையில் பப்பாளி இல்லாவிட்டால் மாம்பழம், செய்ன்டலோன் என்கிற மாம்பழ வகை மலிவாகக் கிடைத்த நேரம் அது. பத்து மணிக்கு இரவே ஊறவைத்த நிலக்கடலை ஒரு கைப்பிடி. மத்தியானம் பெரிய கிண்ணத்தில் வெள்ளரி, கேரட், தக்காளி, வல்லாரை, முளைகட்டிய பாசிப்பயறு, தேங்காய்த்துருவல், எலுமிச்சை, மேலே பச்சை எள்ளை அரைத்து ஊற்றிக்கொள்வேன். இரவுக்கு அவலை நனைத்து வாழைப்பழத்தோடு. டீயை விட்டுவிட்டேன், இந்த ஊரில் அதைவிடக் கஷ்டமான விரதம் வேறு இல்லை.

நெஞ்செரிச்சல் பத்தாம் நாளே போய்விட்டது. நான் வருஷக்கணக்காகப் பட்ட மலச்சிக்கல் போன இடம் தெரியவில்லை. 48 நாளில் 13 பவுண்டு குறைந்தேன். காலையில் எழும்போது உடம்பு லேசாக இருந்தது, அது பொய் இல்லை.

ஆனால் மழை பிடித்த பிறகு, இருபதாம் நாள் வாக்கில், வயிற்றுப்போக்கு வந்து மூன்று நாள் படுத்தேன். அப்புறம் சாயங்காலமானால் கைகால் சில்லிட்டுப் போகும். தலை சீவினால் சீப்பில் முடி கொத்தாக வருகிறது. போன மாசம் தலைக்கு ஊற்றவில்லை, அதாவது மாதவிலக்கு வரவில்லை, எனக்கு 41 வயது, இதுவரை அப்படித் தவறியதே இல்லை.

இதற்கு நடுவில்தான் வீட்டுக்கும் கொடுக்க ஆசைப்பட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் குடும்பத்தையும் கூப்பிட்டு, ஏழு பேருக்கு அடுப்பே மூட்டாமல் இலை போட்டேன். பிள்ளைகள் மாம்பழத்தை மட்டும் தின்றுவிட்டு எழுந்துவிட்டார்கள். மாமியார் ஒரு கேரட் துண்டை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றி மாற்றி வைத்திருந்து, நான் திரும்பிய நேரம் பார்த்து முந்தானைக்குள் எடுத்து வைத்துக்கொண்டார். ஒன்றும் சொல்லவில்லை. அதை நான் பார்த்துவிட்டேன், மனசு என்னமோ போலாகிவிட்டது.

வீட்டுக்காரர் மட்டும் எனக்காகச் சேர்ந்துகொண்டார். அவருக்குச் சர்க்கரை, மாத்திரை சாப்பிடுகிறார். நாலாம் நாள் சாயங்காலம் வேலையிலிருந்து வந்தவர் மூன்றாவது மாடிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார், சட்டையெல்லாம் வியர்வை, கை நடுங்குகிறது, கேட்டால் பதில் இல்லை. அந்த மாடியில் இருக்கும் பர்மாக்காரம்மா டின்பால் ஊற்றிய டீயை வாயில் புகட்டிய பிறகுதான் கண் தெளிந்தது.

இதை நான் தொடர்வதா, வீட்டுக்கும் கொடுப்பதா, எப்படிக் கொடுத்தால் ஒத்துக்கொள்ளும், அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

தட்டோன் தம்பி

அக்கா, முதலில் வாழ்த்து. 48 நாள் என்பது சாதாரணம் இல்லை. நான் ஒன்றரை வருஷமாகப் பகல் முழுக்கப் பழம், தேங்காய்தான், இரவு மட்டும் எப்போதாவது சோறு. எங்கள் பக்கம் ரம்புத்தானும் மங்குஸ்தானும் டூரியனும் காய்க்கிற மண், அடுப்பே தேவையில்லை. நீங்கள் பாதியில் விட்டுவிடாதீர்கள். வயிற்றுப்போக்கு என்பது உள்ளே இருக்கும் கழிவு வெளியேறுவது, முடி கொட்டுவதும் அப்படித்தான், கொஞ்ச நாளில் நின்றுவிடும். சமைக்கும்போது உணவில் இருக்கும் என்சைம் எல்லாம் செத்துப்போகிறது, செத்த சாப்பாட்டைத்தான் நாம் தின்கிறோம். அண்ணனுக்குச் சர்க்கரை இறங்கியது நல்ல அறிகுறிதானே, மாத்திரையே வேண்டாம் என்று உடம்பு சொல்கிறது.

வெள்ளைப்புறா (மோல்மீன்)

தம்பி, நீ நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருக்கிறாய், ஆனால் கடைசி வரியை யாரும் பின்பற்றிவிடக் கூடாது. நான் 31 வருஷம் நர்ஸ் வேலை பார்த்தவள், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முல்லை, உன் வீட்டுக்காரருக்கு வந்தது சர்க்கரை தாழ்நிலை. சில மாத்திரைகள் கணையத்தைப் பிழிந்து இன்சுலினைச் சுரக்க வைக்கும். அவர் தட்டு நிறையச் சோறு சாப்பிடுவார் என்று கணக்குப் பண்ணி டாக்டர் கொடுத்த அளவு அது. சோற்றை நிறுத்திவிட்டு மாத்திரையை மட்டும் அப்படியே போட்டால், இன்சுலினுக்கு வேலை செய்யச் சர்க்கரை இல்லாமல் ரத்தத்தில் இருப்பதையும் இழுத்துவிடும். அந்தப் பர்மாக்காரம்மா புண்ணியவதி. மாடிப்படியில் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? சாப்பாட்டை மாற்ற வேண்டும் என்றால் முதலில் டாக்டரிடம் போய் மாத்திரை அளவைப் பேசு, பிறகுதான் தட்டை மாற்று. அதற்காக மாத்திரையை அவராக நிறுத்திவிடவும் கூடாது.

இரண்டாவது, உன் மாதவிலக்கு. முதலில் கர்ப்பம் இல்லை என்று ஒரு சோதனை செய்து பார்த்துவிடு, 41 வயதில் அதற்கும் வாய்ப்பு உண்டு. அது இல்லையென்றால் இந்தச் சாப்பாடுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஜெர்மனியில் நீண்ட நாள் பச்சை உணவிலேயே இருந்தவர்கள் 500 பேருக்கு மேல் விசாரித்து 1999இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஆண்கள் சராசரியாகப் பத்துக் கிலோ, பெண்கள் பன்னிரண்டு கிலோ குறைந்திருந்தார்கள். 45 வயதுக்குக் கீழ்ப்பட்ட பெண்களில் ஏறக்குறைய 30 சதவீதம் பேருக்கு மாதவிலக்கு தப்பியோ அடியோடு நின்றோ போயிருந்தது. தட்டில் பச்சை உணவின் பங்கு கூடக் கூட இதுவும் கூடியது. காரணம் சூட்சுமம் ஒன்றும் இல்லை. பச்சைக் காய் வயிற்றை அடைக்கும், ஆனால் சக்தி குறைவு. உடம்பு பஞ்ச காலம் வந்துவிட்டது என்று நினைத்து முதலில் பிள்ளை பெறுகிற வேலையை நிறுத்தி வைக்கும். கைகால் சில்லிடுவதும் முடி கொட்டுவதும் இதே கதையாக இருக்கலாம். இதற்குக் கழிவு வெளியேறுகிறது என்று பெயர் வைத்துக் காத்திருக்காதே. இரும்புச்சத்தையும் ஒருமுறை பார்த்துவிடச் சொல்லு.

பி12 என்று ஒரு வைட்டமின் இருக்கிறது, அது இலையிலும் காயிலும் பழத்திலும் கிடையாது. பால், முட்டை, மீன் எதுவும் தொடாமல் இருந்தால் மாத்திரையாகத்தான் எடுக்க வேண்டும். ஒன்றிரண்டு மாதத்தில் தெரியாது, ஈரலில் சேமிப்பு இருக்கும், வருஷங்கள் கழித்துக் கால் மரத்துப் போகும்போது தெரியும். தம்பி, உனக்கும்தான் சொல்கிறேன்.

இன்னும் எழுத வேண்டியிருக்கிறது, பேரப்பிள்ளை எழுந்துவிட்டான். பிறகு வருகிறேன்.

முல்லைப்பந்தல்

அக்கா, படித்துக் கண் கலங்கிவிட்டது. நாளைக்கே டாக்டரிடம் போகிறோம். நான் அவருக்கு நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். மாத்திரைக்கும் சோற்றுக்கும் இப்படி ஒரு கணக்கு இருப்பது எனக்குத் தெரியாது, யாரும் சொன்னதும் இல்லை.

அந்த வயிற்றுப்போக்கு ஏன் வந்தது என்று மட்டும் இன்னும் புரியவில்லை. இலையை மூன்று தண்ணீரில் அலசித்தான் சாப்பிட்டேன்.

பச்சைமிளகாய் (யாங்கோன்)

முல்லைக்கா, நான் தோக்குக் கடை, அதாவது இலையும் காயும் பிசைந்து கொடுக்கிற பர்மா சாலட் கடை வைத்திருப்பவள், 26ஆவது தெரு மார்க்கெட்டில்தான் தினமும் காய் எடுக்கிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

எந்தத் தண்ணீரில் அலசினீர்கள்? குழாய்த் தண்ணீரா, கிணற்று மோட்டார்த் தண்ணீரா? மழைக்காலத்தில் சாக்கடை ரோட்டுக்கு ஏறி வருகிற ஊர் இது. குடிக்க 20 லிட்டர் போத்தல் வாங்கிவிட்டு இலையைக் குழாய்த் தண்ணீரில் அலசினால் என்ன பிரயோசனம்? அதையே குடித்த மாதிரிதான். நான் வல்லாரையை முதலில் கட்டோடு முக்கி மண்ணைப் போக்குவேன். அப்புறம் கட்டைப் பிரித்து ஒவ்வொரு இலையாக, காம்பு பிரிகிற கணுவை விரலால் நீவிக் கழுவுவேன், அழுக்கும் பூச்சி முட்டையும் அங்கேதான் ஒட்டிக்கொண்டிருக்கும். கடைசி அலசல் மட்டும் போத்தல் தண்ணீர். பிறகு வெள்ளைத் துணியில் பரப்பித் தண்ணீர் வடிய விடுவேன். துணியில் பழுப்புக் கறை விழுந்தால் மறுபடி முதலிலிருந்து. ஒரு கட்டுக்குக் கால் மணி நேரம் ஆகும். வாங்கி வைத்து மறுநாள் கொடுப்பது கிடையாது, கரண்டு இல்லாத ஊரில் பிரிட்ஜ் வெறும் அலமாரி.

கசூன் கீரையைப் பச்சையாகத் தொடவே தொடாதீர்கள். தண்ணீரில் படர்கிற கீரை, அதில் குடல் புழு வரும் என்று எங்கள் அம்மா வதக்காமல் போடவே மாட்டார்.

நம் ஆட்கள் பச்சைச் சாப்பாடு என்றால் ஏதோ புதுசு என்று நினைக்கிறார்கள், ஆனால் இந்த நாட்டுக்காரர்கள் தினமும் சாப்பிடுவதே அதுதான். எந்தச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தாலும் கேட்காமலே தொஸயாத் தட்டு வரும், வெள்ளரி, கத்திரிப்பிஞ்சு, கொழுந்து இலை எல்லாம் பச்சையாக, பக்கத்தில் தொட்டுக்கொள்ள ஙப்பி என்கிற புளித்த மீன் விழுது. ஆனால் நடுவில் சூடான சோறு இருக்கும். தோக்குக்கு உயிரே பிசைகிற கைதான். வல்லாரையோடு வெங்காயம், தக்காளி, இடித்த வறுகடலை, வறுத்த கடலைமாவு, எலுமிச்சை, பச்சைமிளகாய், பூண்டு தாளித்த எண்ணெய் ஒரு கரண்டி. அந்த எண்ணெயும் வறுத்த மாவும் இலையின் கசப்பை உள்ளே வாங்கிக்கொள்ளும், வயிறும் நிற்கும். முழுக்கப் பச்சை என்ற விரதத்தை விட்டுவிட்டு இப்படிக் கொடுத்திருந்தால் உங்கள் மாமியார் முந்தானையில் ஒளித்திருக்க மாட்டார்.

அப்புறம் முளைப்பயறு. இங்கே காலையில் பெப்யோ விற்றுக்கொண்டு போகிறார்களே, அது முளைவிட்ட பட்டாணி, ஆனால் வேகவைத்தது. முளை கட்டத் தெரிந்த ஊர் அதை வேகவைத்துத்தான் தின்கிறது. யோசித்துப் பாருங்கள்.

வெள்ளைப்புறா

மகளே, நான் சொல்ல வந்ததில் பாதியை நீயே சொல்லிவிட்டாய். பெப்யோ விஷயம் ரொம்பச் சரி.

முளை கட்டுவதற்கு ஈரமும் சூடும் வேண்டும், கிருமிக்கும் அதேதான் வேண்டும். 2011இல் ஜெர்மனியில் பச்சை முளையால் பெரிய நோய் பரவியது, 3,800 பேருக்கு மேல் விழுந்தார்கள், 50 பேருக்கு மேல் இறந்துபோனார்கள், பலருக்குச் சிறுநீரகம் கெட்டது. எகிப்திலிருந்து வந்த வெந்தய விதைதான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். அத்தனை சுத்தம் பார்க்கிற நாட்டிலேயே அப்படி. கிருமி விதையிலேயே இருந்தால் முளையை எத்தனை தண்ணீரில் அலசினாலும் போகாது. கொதிக்கிற தண்ணீரில் இரண்டு நிமிஷம் போட்டு எடு, பெரிதாக எதையும் இழக்க மாட்டாய். கர்ப்பிணிக்கும் சின்னப் பிள்ளைக்கும் வயசானவருக்கும் பச்சை முளை வேண்டவே வேண்டாம்.

இலை கழுவும் தண்ணீரில் பொட்டாசியம் பெர்மாங்கனேட் போட்டால் போதுமா என்று கேட்பீர்கள். ஓரளவுக்கு உதவும், ஆனால் புழு முட்டையையும் அமீபாக் கூட்டையும் அது முழுக்கக் கொல்லாது. இந்தப் பிள்ளை சொன்ன மாதிரி இலை இலையாகக் கழுவுவதுதான் முதல் மருந்து.

பச்சையாகத் தின்னவே கூடாதவையும் இருக்கின்றன, யாராவது ஆர்வக்கோளாறில் செய்துவிடுவார்கள் என்பதால் சொல்கிறேன். ராஜ்மாவை ஊறவைத்து மென்றால் வாந்தியும் பேதியும் பிடுங்கும், அதை நன்றாகக் கொதிக்கவைத்தே ஆக வேண்டும். பட்டர் பீன்ஸில் சயனைடு வகை உண்டு. பிரிட்டிஷ் காலத்தில் ரங்கூன் பீன்ஸ் என்ற பெயரில் இங்கிருந்து ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது இந்த இனம்தான், அப்போதே அதன் விஷத்துக்காக அங்கே பேச்சாகியிருக்கிறது. மூங்கில் குருத்தும் மரவள்ளியும் அப்படியே. தன்யின்தீ என்கிற மரக்கொட்டை இங்கே எல்லோருக்கும் பிடிக்கும், பச்சையாக நாலைந்து கொட்டை தின்றுவிட்டு மறுநாள் சிறுநீர் போகாமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தவர்களை நான் வார்டில் பார்த்திருக்கிறேன். அதில் இருக்கும் அமிலம் ஊசி ஊசியாகப் படிந்து குழாயை அடைத்துவிடும்.

நிலக்கடலையில் சுருங்கியது, கறுத்தது, பூசணம் பிடித்தது இருந்தால் பொறுக்கி எறிந்துவிடு, வறுத்தாலும் அந்த நஞ்சு போகாது. அவல் பச்சை என்று நினைத்தாயே, நெல்லை ஊறவைத்து வறுத்தோ வேகவைத்தோதான் இடிக்கிறார்கள். நீ 48 நாளும் அரைகுறையாகச் சமைத்ததைத்தான் இரவில் சாப்பிட்டாய், அதுதான் உன்னைத் தாங்கியிருக்கிறது.

தட்டோன் தம்பி

அக்கா, மாத்திரை விஷயத்தில் நான் எழுதியது தப்பு, ஒத்துக்கொள்கிறேன். படித்துவிட்டு யாரும் அப்படிச் செய்துவிடக் கூடாது என்று இரவெல்லாம் மனசு அடித்துக்கொண்டது.

ஆனால் என்சைம் விஷயம்? நான் சும்மா சொல்லவில்லை, என் உடம்பில் பார்த்திருக்கிறேன். முன்னால் மத்தியானச் சோறு சாப்பிட்டால் மூன்று மணிக்குக் கண் சொருகும், இப்போது இல்லை. 200 பவுண்டு இருந்தவன் 160க்கு வந்தேன். சமைத்தால் சத்துப் போகிறது என்பதாவது உண்மைதானே?

வெள்ளைப்புறா

கொஞ்சம் உண்மை தம்பி. வைட்டமின் சி சூட்டில் அழியும், தண்ணீரில் கரைந்து போகும். கொய்யாவும் எலுமிச்சையும் பச்சையாகத்தான் சாப்பிட வேண்டும். ஆனால் கேரட்டில் இருக்கும் சத்தும் தக்காளியின் சிவப்புச் சத்தும் வெந்து, கொஞ்சம் எண்ணெயும் சேர்ந்தால்தான் உடம்பில் நன்றாக ஏறும். என்சைம் என்பது புரதம். நீ பச்சையாக விழுங்கினாலும் இரைப்பை அமிலத்தில் போய்ப் பெரும்பாலும் அதுவும் சிதைந்துதான் போகும், செரிக்க வேண்டிய என்சைமை உன் உடம்பே சுரக்கிறது. நீ லேசாக இருப்பதற்குக் காரணம் 40 பவுண்டு குறைந்தது, எண்ணெய்ப் பலகாரத்தை விட்டது, மலை மாதிரிச் சோற்றைக் குறைத்தது. அது பெரிய விஷயம், நீயே கஷ்டப்பட்டுச் செய்தது. அதை என்சைமுக்குத் தூக்கிக் கொடுக்காதே.

பெகு வயல்காரன்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் தோட்டம் போடுபவன். மழைக்காலத் தக்காளியும் முட்டைக்கோஸும் நிறைய மருந்து அடித்துத்தான் வருகின்றன. இன்லே ஏரியின் மிதக்கும் தோட்டத் தக்காளி ஊரெல்லாம் போகிறது, அங்கே அடிக்கிற மருந்து பற்றிப் பல வருஷமாகப் பேச்சு இருக்கிறது. நானும் அடிக்கிறவன்தான், அடிக்காவிட்டால் ஒரு காய் மிஞ்சாது. மருந்து அடித்து இத்தனை நாள் பறிக்கக் கூடாது என்று கணக்கு உண்டு, விலை ஏறிவிட்டால் அந்தக் கணக்கைப் பார்க்காமல் பறிக்கிறவர்களும் உண்டு. அதனால் கோஸின் மேல் இலை மூன்று நாலைக் கழற்றி எறியுங்கள், வெள்ளரியைத் தோல் சீவுங்கள். பப்பாளி, வாழை, தேங்காய், பொமெலோ இவையெல்லாம் தோலுரித்துத் தின்பவை, பயம் குறைவு. கீரை வேண்டுமென்றால் வல்லாரையைத் தொட்டியில் வையுங்கள், மாடி வீட்டிலும் வரும். தினமும் தண்ணீர், அரை நிழல், அவ்வளவுதான். நீங்கள் ஊற்றும் தண்ணீர்தான் இலை மேல் இருக்கும்.

கதர்சட்டை (மண்டலே)

நல்ல பேச்சு போய்க்கொண்டிருக்கிறது, எனக்குத் தெரிந்த ஒரு செய்தியைச் சொல்கிறேன். காந்தி 1929 மார்ச்சில் பர்மாவுக்கு வந்தார், ரங்கூன், மோல்மீன், மண்டலே எல்லாம் போனார், நம் ஆட்கள் நிதி திரட்டிக் கொடுத்தார்கள். இங்கிருந்து திரும்பிப் போன சில வாரத்தில்தான், ஆந்திராப் பயணத்தில் ராஜமுந்திரியில் ஒருவரின் பேச்சைக் கேட்டு, நெருப்புப் படாத உணவில் இறங்கினார். முளைகட்டிய கோதுமை, அரைத்த பாதாம், இடித்த பச்சிலை, எலுமிச்சை, தேன். தான் மட்டும் செய்யவில்லை, ஆசிரமத்தில் இருந்தவர்களும் சேர்ந்தார்கள். தன் யங் இந்தியா பத்திரிகையில் அதைப் பற்றி எழுதிக்கொண்டும் வந்தார். அந்த வருஷமே வயிற்றுக்கடுப்பு வந்து கைவிட வேண்டியதாயிற்று, அதையும் ஒளிக்காமல் எழுதினார். அதற்கு 36 வருஷம் முன்னால், 1893இல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் இளம் வக்கீலாக இருந்தபோதும் இதைத் தொடங்கி இரண்டு வாரம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை.

முல்லையம்மா, உங்களுக்கு ஏன் சொல்கிறேன் என்றால், உங்களுக்கு வந்த வயிற்றுக் கோளாறு அவருக்கும் வந்தது, நீங்கள் ஆசைப்பட்ட மாதிரி அவரும் கூட இருந்தவர்களைச் சேர்த்தார். நீங்கள் ஒளிக்காமல் எழுதியது பெரிய உதவி. இங்கே எத்தனையோ பேர் நல்லதை மட்டும் எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

நம் வழக்கத்திலும் நெருப்புப் படாதது இருந்தது அம்மா. மாரியம்மனுக்குத் துள்ளுமாவு இடிக்கிறோமே, பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, இடித்து வெல்லம் சேர்த்து. ராமநவமிக்கு ஊறவைத்த பாசிப்பருப்பில் வெள்ளரி, மாங்காய் போட்டு வடைப்பருப்பு, கூடவே பானகம், நீர்மோர். அளவு கைப்பிடிதான். அதுவும் கோயிலில், எல்லோரும் கூடி நிற்கும்போது.

முல்லைப்பந்தல்

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன், கேட்ட எல்லோருக்கும் பதில் சொல்ல வேண்டும் அல்லவா.

டாக்டர் அவருடைய மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். இரவுச் சோறு அரைக் கிண்ணம், கூடவே காய் நிறைய என்று சொல்லியிருக்கிறார், வீட்டில் குத்திப் பார்க்கும் கருவி ஒன்று வாங்கிவிட்டோம். எனக்குக் கர்ப்பம் இல்லை, ரத்தம் குறைவு என்று வந்தது, இரும்பு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். மத்தியானம் மறுபடி சோறும் பருப்பும் சாப்பிட ஆரம்பித்தேன். முதல் நாள் சூடான சோற்றில் பருப்பை ஊற்றிப் பிசைந்து வாயில் வைத்தபோது தொண்டை அடைத்துக்கொண்டது. 48 நாளும் நான் எனக்குத் தனியாகக் கிண்ணம் எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன், வீட்டில் மற்றவர்கள் பாயில் உட்கார்ந்து ஒரே சட்டியிலிருந்து போட்டுக்கொண்டார்கள். அதுதான் எனக்குக் குளிராக இருந்ததோ என்று இப்போது நினைக்கிறேன். வெளியே போனால் யாரைப் பார்த்தாலும் தமின் சா பீ பீ லா என்று கேட்கிற ஊர் இது, சோறு சாப்பிட்டாயா என்றுதானே அர்த்தம். அத்தனை நாளும் இல்லை என்று சொல்ல வாய் வராமல் சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன்.

பச்சையை விட்டுவிடவில்லை. காலைச் சாப்பாடு பழமும் தேங்காயும்தான், அந்த நேரம் கரண்டும் இருக்காது. நெஞ்செரிச்சல் திரும்பவில்லை, டீயைச் சாப்பாட்டோடு சேர்க்காமல் தள்ளி வைத்திருக்கிறேன். முளைப்பயறு வெந்நீரில் போட்டு எடுத்துத்தான். வல்லாரைக்கு மூன்று தொட்டி வைத்தாயிற்று, வயல்காரரே, ஒன்றில் கொடி விட்டுவிட்டது.

தோக்குக்காரத் தங்கச்சி சொன்ன மாதிரி போன ஞாயிறு வல்லாரையைப் பிசைந்தேன். மாமியாருக்காகக் கேரட்டை ஆவியில் வேகவைத்து மசித்தேன், வல்லாரையைப் பொடியாக அரிந்து அதில் கலந்து, வறுகடலையை நைசாக இடித்துப் போட்டு, பூண்டு எண்ணெய் ஊற்றினேன். சோற்றுக்குப் பக்கத்தில் ஒரு கரண்டிதான் வைத்தேன், சாப்பிடுங்கள் என்று சொல்லவும் இல்லை. அவர் விரலால் ஒருமுறை தொட்டு நக்கிப் பார்த்தார். அப்புறம் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, உன் மாமனார் தோட்டத்து வேலியோரம் இந்த இலை மண்டிக் கிடக்கும், பறிக்க ஆள் இருக்காது என்று பேச ஆரம்பித்தார். அவர் அந்தத் தோட்டத்தைப் பற்றி என்னிடம் பேசியதே இல்லை. நாத்தனார் கூடக் கையைக் கழுவாமல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

பச்சைமிளகாய்

அக்கா, அந்த மசியலில் கொஞ்சம் புளித்தண்ணீர் விட்டுப் பாருங்கள், எலுமிச்சையைவிட வயசானவர்களுக்கு ஒத்துக்கொள்ளும்.

தட்டோன் தம்பி

அக்கா, நானும் ரத்தம் எடுத்துப் பார்த்தேன். பி12 ரொம்பக் கீழே இருக்கிறது, ஊசி போடச் சொல்லிவிட்டார்கள். வெள்ளைப்புறா அக்கா சொல்லாவிட்டால் போயிருக்கவே மாட்டேன். பழத்தை விட மாட்டேன், ஆனால் அம்மா செய்கிற மீன் குழம்பை இனி வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை.

இந்த மாசக் கடைசியில் யாங்கோன் வருகிறேன், மங்குஸ்தான் ஒரு கூடை கொண்டுவருகிறேன், காளியம்மன் கோயில் வாசலில் யாராவது வாங்கிக்கொள்ள முடியுமா?

வெள்ளைப்புறா

ஊசியை நடுவில் நிறுத்திவிடாதே தம்பி, சொன்ன கணக்குக்குப் போட்டு முடி.

முல்லைப்பந்தல்

நான் வருகிறேன் தம்பி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்றால் நல்லது, மாமியாரும் கோயிலுக்கு வருவார். கூடை பெரிதா, தூக்க வீட்டுக்காரரையும் கூட்டி வரட்டுமா, அதை மட்டும் சொல்லிவிடு.